ஆறாயிரம் கெல்வின் நல்லசிவம்

எதிர்வீட்டுச் சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தி, முன்விளக்கைப் போட்டுவிட்டு, இறங்கி வந்து, சுவரில் விழுந்த வெளிச்சத்தைத் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார் நல்லசிவம். பெண் பார்க்கப் போன அன்று ஜெயபாரதியைக்கூட அவர் இத்தனை நேரம் பார்த்ததில்லை. அப்புறம் இரண்டு எட்டு பின்னால் வைப்பார். உதட்டைப் பிதுக்குவார். "வெளிச்சமா இது? சிம்னி வெளக்கு கணக்கால்லா இருக்கு" என்பார். கோட்டூர்புரத்தில் அந்தத் தெருவுக்குப் பொழுது சாய்ந்தால் இதுதான் சாயரட்சை.

சுவருக்குச் சொந்தக்காரர் ஸ்ரீரங்கன். மயிலாப்பூரிலிருந்து குடிவந்தவர், பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், சாது. ஒருநாள் அவர் கேட்டின் மேல் சாய்ந்துகொண்டு சொன்னார்: "சார், நேத்து சாயங்காலம் சித்த கண் அசந்துட்டேன். நீங்க லைட்டைப் போட்டேள். விடிஞ்சுடுத்துன்னு எழுந்துண்டு பல்லைத் தேய்ச்சுட்டேன்."

நல்லசிவத்துக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. பாராட்டுப் பத்திரம் வாங்கியவர் மாதிரி நெஞ்சில் கை வைத்து, "இன்னும் பாக்கி இருக்கு சார், மேல ஒண்ணு போடணும்" என்று ஆறுதல் சொல்லி அவரை உள்ளே அனுப்பினார்.

நல்லசிவத்துக்குத் தி. நகரில் கடை. நைட்டியும் உள்பாவாடையும் வியாபாரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பா காலத்தில் வந்த குடும்பம். இவருக்கு இப்போது வயது அறுபதை எட்டிப் பார்க்கிறது. பேச்சில் மட்டும் இன்னும் தாமிரபரணி ஓடுகிறது. அந்தக் கடைக்கும் இந்த வீட்டுக்கும் போய்வர இவர் வாங்கியிருப்பது நாலு சக்கரத்துக்கும் விசை பாய்கிற ஜீப். ஆற்றில் இறங்கினால் எஞ்சின் மூச்சுவிட வேண்டுமென்று பக்கவாட்டில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய் வைத்திருக்கிறார். அடையாற்றைத் தினமும் இரண்டு தடவை கடக்கிறார், பொய் சொல்லக்கூடாது, பாலத்தின் மேலே. பின்னால் தொங்குகிற ஸ்டெப்னியின் உறையில் பனிமலைப் படம். மலையென்று அவர் போனது பரங்கிமலை. அதுவும் மின்சார ரயிலில்.

நாலு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் குட்டைக் கம்பியை ஒரே ஒருமுறை போட்டிருக்கிறார். லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ரோட்டில், மழை பெய்த மறுநாள். வண்டி உறுமிக்கொண்டு சேற்றை விட்டு எழும்பிய அந்த வீரச் செயலின்போது, பக்கத்தில் ஒரு பெண்மணி ஸ்கூட்டியில் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு சும்மாவே தாண்டிப் போனார். அதை நல்லசிவம் கதையில் சேர்ப்பதில்லை.

விளக்குக்கு வருவோம். கம்பெனிக்காரன் கொடுத்த மஞ்சள் விளக்கு வண்டி வாங்கிய சூட்டோடு வெளியே போனது. ராயப்பேட்டைப் பக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் டில்லிபாபுவின் கடையில் எல்.இ.டி. ஏறியது. அது மங்கல் என்று அதைவிடப் பெரியது. அதுவும் மங்கல் என்று, பின்புறம் குட்டி ஃபேன் வைத்த பல்பு. அந்த விளக்குக்கு வேர்க்குமாம். விசிறிவிட ஆள் வேண்டுமாம். "ஆறாயிரம் கெல்வின்" என்று, பல்புப் பெட்டியில் போட்டிருந்த வெளிச்சத்தின் நிறக் கணக்கை அடிக்கடி சொல்வார். கெல்வின் என்றால் யார், என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார். ஒருமுறை அடையாறு சிக்னலில் ஒரு போலீஸ்காரர் இந்த வெளிச்சம் தாங்காமல் புறங்கையால் கண்ணை மறைத்தார். நல்லசிவம் அவருக்குப் பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் மூலகாரணம் அவருடைய கண்ணில் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. கடையில் கருநீலத்தைக் கறுப்பென்று எடுத்துக் கொடுத்தார். கேட்டதற்கு ட்யூப்லைட் சரியில்லை என்று கடையின் விளக்குகளையெல்லாம் மாற்றினார். ஜெயபாரதிதான் ஆடி மாதம் அவரை இழுத்துக்கொண்டு போய்க் கண் டாக்டரிடம் உட்காரவைத்தார். புரையை எடுத்துவிடலாம், அதுவரை இருட்டில் வண்டி ஓட்டக்கூடாது என்றார் டாக்டர்.

"மொதல்ல வண்டி லைட்ட மாத்திப் பாக்கேன் டாக்டர். அதுலயும் சரிவரலன்னா வாரேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

கத்திக்குப் பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போனவர். தனக்குக் கண் தெரியவில்லை என்று வாயால் ஒருதரம் சொல்ல வேண்டியிருக்குமே, அதில்தான் அவருக்கு உதறல்.

அப்படியானால் வண்டி எப்படி ஓடியது என்று கேட்பீர்கள். இடப்பக்க சீட்டில் ஜெயபாரதி இருந்தார். "ஏங்க, அந்தா மாடு நிக்கி." "சைக்கிள்காரன் வாரான், பைய போங்க." "மேடு, மேடு, மேடு." ஏறியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் இதேதான். விளக்கு பாட்டுக்குத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு வரும். வண்டி ஜெயபாரதியின் வாயால் ஓடும். நல்லசிவமோ கண்டவரிடமெல்லாம், "பக்கத்துல ரேடியோவ வச்சுக்கிட்டு மனுசன் எப்படி ஓட்ட?" என்று அலுத்துக்கொள்வார்.

ஜெயபாரதிக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும். சின்னக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு மார்க்கெட், கோயில், தரமணியில் மகள் வீடு என்று தன்னந்தனியாகப் போய்வருகிறவர். ஆனால் நல்லசிவம் கூட இருந்தால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையில நீ ஓட்டுனா பாக்கவன் என்ன நெனைப்பான்? இவருக்கு கைகால் வெளங்காம போச்சுன்னுல்லா நெனைப்பான்."

இப்படியே போயிருக்கும். பங்குனி உத்திரம் வந்து கெடுத்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் உத்திரத்தன்று தங்கள் சாஸ்தா கோயிலில் போய் நிற்க வேண்டும். இந்த வருஷம் மகள் ஷண்முகப்ரியாவுக்குக் கல்யாணமாகி முதல் உத்திரம். மாப்பிள்ளை ஆனந்தகுமார் முதன்முறையாக ஊருக்கு வருகிறார். இரண்டு பேருக்கும் ஆபீஸ் விட்டபிறகுதான் கிளம்ப முடியும். மாப்பிள்ளைக்குக் கார் ஓட்ட வராது. ஆபீஸ் பஸ்ஸில் போய்வருகிற பிள்ளை. ஆகவே இரவெல்லாம் நானே ஓட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளையைக் கோயில் வாசலில் இறக்குவேன் என்று நல்லசிவம் சொல்லிவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு ஃபோன் போட்டும் சொல்லிவிட்டார்.

"ரயில்ல போவோம்ங்க. இல்லன்னா நான் ஓட்டுதேன். புள்ளைய ரெண்டையும் வச்சுக்கிட்டு இருட்டுல வேண்டாம்" என்றார் ஜெயபாரதி.

"மேல ஒரு லைட்ட போட்டுட்டா இருட்டு எங்கட்டி இருக்கும்? நீ வாய மூடிக்கிட்டு வா. வண்டி தானா ஒழுங்கா போவும்."

"சரி" என்றார் ஜெயபாரதி.

கெட்டிக்காரராக இருந்திருந்தால் அந்தச் சரிக்கே நல்லசிவம் ரயில் டிக்கெட் எடுக்க ஓடியிருக்க வேண்டும்.

டில்லிபாபு இடுப்பில் கை வைத்து வண்டியைச் சுற்றிவந்தான். "சார், போன தபா போட்டதே ரோட்ட வெள்ளாவில வெச்ச மாறி கீது. இதுக்கு மேல வெளிச்சம் ஓணும்னா பகல்லதான் சார் ஓட்டணும்."

"பேச்ச கொறச்சுப் போடுப்பா. ஊருக்குப் போற வண்டி."

"போட்டுர்லாம் சார். மேல இருந்து ஏரோப்ளேன் எறங்குனா என்னிய கேக்காத."

கூரையின் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு பட்டை விளக்கு ஏறியது. இருட்டியபின் கடையிலிருந்து வீடுவரை வெள்ளோட்டம்; அதற்கு மனைவியும் கூட இருக்க வேண்டும் என்பது நல்லசிவத்தின் உத்தரவு. வாயை மூடிக்கொண்டு வந்தால் வண்டி எப்படிப் போகிறது என்று காட்ட வேண்டுமல்லவா?

காட்டினார். ராயப்பேட்டை தாண்டுவதற்குள் ஒரு வேகத்தடை மீது குதித்து இரண்டு பேர் தலையும் கூரையில் இடித்தது. ஜெயபாரதி கொண்டையைச் சரிசெய்துகொண்டார். நடுரோட்டில் படுத்திருந்த நாய் தன் புத்தியால் எழுந்து போனது. லஸ்ஸில் மெட்ரோக்காரர்கள் நிறுத்தியிருந்த தகரத் தடுப்புகளில் பட்டு அத்தனை வெளிச்சமும் திரும்பி வந்து இவர் முகத்திலேயே விழுந்தது. கண்ணெதிரே பாலைக் கொட்டிவிட்டாற்போல் எல்லாம் ஒரே வெள்ளை. "பாத்தியா வெளிச்சத்த!" என்றார். வண்டி தேர் அசைகிற மாதிரி அசைந்தது. பின்னால் வந்தவன், "யோவ், சாமி ஊர்வலமா போற?" என்று கத்திவிட்டு ஒடித்துக்கொண்டு போனான்.

"ஏட்டி, ஏதாச்சும் பேசேன்" என்றார் நல்லசிவம், மண்டைவெளி வரும்போது.

ஜெயபாரதி முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

கோட்டூர்புரம் பாலத்தில் ஏறுகிற இடத்தில் எதிரே ஒரு பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. இவருடைய வெள்ளையும் அதனுடைய வெள்ளையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. நல்லசிவம் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, முன்னால் ஒன்றும் இல்லை என்று தைரியமாக நகர்ந்தார். ஜெயபாரதி கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார், வாயைத் திறக்கவில்லை. கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை அடியோடு இழுத்தார். வண்டி ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு எஞ்சின் அணைந்து நின்றது.

பம்பருக்கும் ஒரு இஸ்திரி வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர் தாயம்மா, ஆற்றோரக் குடியிருப்பில் இருப்பவர். தேய்த்து அடுக்கிய துணி மூட்டையை அப்படியே இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு திரும்பியதும் குரலும் திரும்பியது.

"இன்னாய்யா, கண்ணு தெரில? கல்யாண மண்டபம் கணக்கா லைட்ட கட்டிக்கினு வர, எதுருல ஒரு பொம்பள நிக்கிறது தெரிலியா உனுக்கு? இத்த கொண்டு போயி கடலோரம் நட்டு வையி நைனா, கப்பலாச்சும் பொழைக்கும்!"

நல்லசிவம் யாருக்கும் பதில் பாக்கி வைக்கிறவர் அல்ல. வாயைத் திறந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குரல் வந்த திசையில், வெள்ளைக்குள் எங்கோ நிற்கிற ஆளைத் தேடினார்.

"தெரியலம்மா" என்றார்.

தாயம்மாவுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "தெரிலன்னா கம்முனு பக்கத்துல குந்திக்கினு போவேண்டியதுதான? நல்ல ஆளுய்யா நீ" என்று முனகிக்கொண்டே இஸ்திரி வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் ஹார்ன்கள் ஒன்றை ஒன்று கூப்பிட்டன.

"ஒரு வார்த்த சொல்லக்கூடாதாட்டி?" என்றார் நல்லசிவம்.

"நீங்கதான மூடச் சொன்னிய" என்றார் ஜெயபாரதி. அவர் கை இன்னும் ஹேண்ட் பிரேக்கை விடவில்லை.

நல்லசிவம் அந்தக் கையைப் பார்த்தார். கூரை விளக்கை அணைத்தார். முன்விளக்கை அணைத்தார். சாவியை உருவிக்கொண்டு இறங்கி, பானெட்டைக் கையால் தடவித் தடவி முன்பக்கமாகச் சுற்றிவந்து, இடப்பக்கக் கதவைத் திறந்து, சாவியை ஜெயபாரதியிடம் நீட்டினார்.