தெமிர்பெக் ஊற்று

கசாக் நாட்டு அல்மா-அத்தா நிலவியல் நிலையத்தில் உல்பிகேவுக்கு டிரைலோபைட்டுகளை இனம் பிரிக்கும் வேலை. மனிதன் தோன்றுவதற்கு எத்தனையோ யுகம் முன்பு கடலடியில் ஊர்ந்து, பூண்டோடு அழிந்து, கல்லில் பதிந்துபோன ஓட்டுயிர்கள் அவை. தலையோட்டின் மேடு, கன்னத்து முள், வாலின் மடிப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், அதுவரை யாரும் விவரித்திராத இனம் ஒன்று அவளுக்கு அகப்பட்டது. சூ-இலி மலையிலிருந்து அந்தக் கல்லை முதுகில் சுமந்து வந்தவன் உடன் வேலை பார்த்த தெமிர்பெக். அவன் பெயரையே வைத்தாள்: தெமிர்பெகி. கட்டுரை அச்சுக்குப் போயிற்று.

1951ஆம் ஆண்டு வசந்தத்தில் ரகசியப் போலீசார் தெமிர்பெக்கைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏன் என்று நிலையத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

துறைத்தலைவர் அர்க்காதி லிவோவிச் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். அவர் முன்னால் அவள் கட்டுரையின் மெய்ப்புத்தாள் கிடந்தது.

"இது வெளிய வந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்து அள்ளிட்டுப் போயிடுவாங்க. பேர மாத்திடும்மா."

"வேற என்ன பேரு வைக்கிறது?"

"என்னத்தயாவது வை. என் பேர மட்டும் வச்சிடாத."

அவன் பெயரை அடித்துவிட அவளுக்குக் கை வரவில்லை. இனங்களுக்கு வைக்கும் பெயர் லத்தீனில்; அதில் ஆளின் பெயரானால் ஒரு விகுதி, இடத்தின் பெயரானால் வேறு விகுதி. விகுதியை மட்டும் மாற்றினாள்: தெமிர்பெகென்சிஸ். தெமிர்பெக் ஊற்றருகே கிடைத்தது என்று ஒரு வரியும் சேர்த்தாள். அப்படியோர் ஊற்றே கிடையாது.

கட்டுரையோடு இதழ் வெளிவந்தது. தன்னையும் பிடித்துப் போனால் எடுத்துச் செல்ல, கம்பளிக் காலுறையும் சோப்பும் போட்டு ஒரு பையைக் கட்டிலடியில் வைத்தாள். சின்ன மகளுக்குப் பெரியம்மா வீட்டு முகவரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தாள்.

ஒருநாள் நிலையத்துக்கே ரகசியப் போலீஸ் அதிகாரி ஒருவன் வந்தான். கசாக் இளைஞன், மரியாதையாகத்தான் பேசினான்.

"இந்த ஊத்து எங்க இருக்கு அக்கா? வரைபடத்துல காணோமே."

"கோடையில வத்திடும் தம்பி. ஆடு மேய்க்கிறவங்க சொல்ற பேரு."

"எந்தத் தெமிர்பெக் பேரு?"

"யாருக்குத் தெரியும்? நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு தெமிர்பெக்."

"எங்க மாமா பேரும் அதுதான்," என்றான் அவன், சிரிக்காமல். "விசாரிச்சுக்கிறோம்."

அதற்குப் பின் ஒருவரும் வரவில்லை. வராததுதான் அவளை அரித்தது.

ஐம்பத்தாறில் தெமிர்பெக் சிறைமுகாமிலிருந்து திரும்பினான், வாயில் பாதிப் பல் இல்லாமல். அவள் இதழை நீட்டினாள். பெயர் அச்சான வரியை விரல் வைத்துப் படித்தான்.

"என்னைய ஊத்தாக்கிட்டியா, உல்பிகே?"

"தண்ணியில்லாத ஊத்து."

இருமல் வரும்வரை சிரித்தான். திருத்திவிடலாம் என்று அவள் நினைத்தாள். ஆனால் முதலில் அச்சேறிய பெயர்தான் நிற்கும் என்பது விதி.

"இருந்துட்டுப் போவுது," என்றான். "ஊத்துன்னா யாரும் வந்து கூட்டிட்டுப் போக மாட்டாங்க."

அதன்பின் உல்பிகே எத்தனையோ இனங்களுக்குப் பெயர் வைத்தாள். அகலக் கன்னம், ஒடுங்கிய வால், இரட்டை முள் என்று உடலைப் பார்த்தே வைத்தாள். உயிரோடிருக்கும் ஒருவர் பெயரையும் அவள் மறுபடி தொடவில்லை.