மறந்து தின்ற கொய்யா

கவரைப்பேட்டை ஸ்டேஷனில் கூடைக்காரம்மா ஒரு கொய்யாவைக் கீறினார். அந்த வாசனையில் என் பத்தாம் வகுப்பு ரம்ஜான் திரும்பி வந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் முஸ்லிம் பெண்கள் நாங்கள் மதரஸாவில் கூடி ஓதுவோம். பெருநாள் விழாவுக்குப் பேச்சும் பாட்டும் பழகுவோம். அன்று போகிற வழியில், கூடப் படித்த செல்வி வழக்கம்போல் பாதிக் கொய்யாவை நீட்டினாள். நானும் வழக்கம்போல் தின்றேன். தின்று முடித்த பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே மதரஸாவுக்குள் போனேன்.

எங்களுக்குத் தலைவியாக இருந்த பதினோராம் வகுப்பு சாஜிதா சிரித்தாள். "மறந்து துன்னா நோன்பு முறியாதுடி. அல்லா ஊட்டுனதுன்னு நெனச்சிக்க. வாயைக் கொப்புளிச்சிக்கினு வந்து ஓது."

வாசலில் நின்ற செல்வி அதைக் கேட்டுவிட்டாள். மறுநாள் முழுப் பழத்தையே என் கையில் வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ மறந்துடு."

எவ்வளவோ முயன்றேன், மறக்க வரவில்லை. பழத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மாலையில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னபோது, செல்வி அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு மதரஸா வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"இப்பவாச்சும் துன்னலாமா?"

கூடைக்காரம்மா ஒரு துண்டை நீட்டினார். "நோன்பும்மா" என்று சொல்லி, முழுப் பழம் ஒன்றை வாங்கிப் பையில் போட்டேன். சாவி வைத்த இடம்கூட மறந்துபோகிற வயது எனக்கு. நோன்பு மட்டும் மறக்கவே மாட்டேன் என்கிறது.