சுகந்தி மேடத்தின் கண்ணில் கோளாறு இல்லை

செய்தி வந்தபோது தாம்பரம் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். நம் ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப் குழுவில் செல்வம் போட்டிருந்தார்: "சுகந்தி மேடம் காலைல தவறிட்டாங்க. கீழ்க்கட்டளை வீட்லதான்." கீரைக்கட்டைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தேன். மறுநாள் அதே செல்வம், நீங்கள் தமிழ் வாத்தியார், அவருக்கு நெருக்கம் வேறு, இரங்கல் கூட்டத்தில் படிக்க நாலு வரி எழுதுங்கள் என்றார். நெருக்கமாம்!

நம் குழுவில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடம் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாட்டு கேட்கிற ஆம்ப்ளிஃபையருக்குள் ஆப்-ஆம்ப் என்று ஓர் ஐசி சில்லு உண்டு. எட்டுக் கால், புளியங்கொட்டை அளவு. சாக்கெட்டிலிருந்து அதைப் பிடுங்கிவிட்டு, பொருந்துகிற வேறொன்றைச் செருகலாம். அப்படிச் செய்தால் பாட்டின் இனிமை மாறுமா மாறாதா என்று சண்டை போடத்தான் நாங்கள் மூன்று பேர் ஞாயிறுதோறும் அவர் வீட்டுக்குப் போவோம். ஏழு நாள் மாத்திரை போடும் டப்பாவில் கிழமைக்கு ஒன்றாக ஐசிகளை வைத்திருப்பார். செவ்வாயைப் போடவா, வெள்ளியைப் போடவா என்று கேட்பார். வேறு யார் கையையும் படவிட மாட்டார். "பொருந்தும்னு எழுதியிருந்தா போதாது சார். போட்டுட்டுத் தொட்டுப் பாக்கணும். சூடேறினா அது நம்ம வீட்டு மாப்பிள்ளை இல்ல" என்பார்.

ஒருமுறை நான் விலை உயர்ந்த ஐசி ஒன்றை வரவழைத்து, இதைக் கேட்டால் மற்றதெல்லாம் தகர டப்பா என்று ஒரு வாரம் அலட்டினேன். மேடம் எங்களைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லி, என்னுடையதையும் தன்னுடைய பழையதையும் மாற்றி மாற்றிப் போட்டு ஒரே பாட்டை ஓடவிட்டார். இரண்டாவதுதான் என்னுடையது என்று அடித்துச் சொன்னேன். அது அவருடைய பழைய ஐசி. நண்பர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "காது பொய் சொல்லாது சார். நாமதான் அதுக்கு முன்னாடியே சொல்லிக் கொடுத்துடறோம்" என்றார். ஆம்ப்பை அணைத்து, ஐசியைப் பிடுங்கி அதன் கால்களைத் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. என்னை ஏமாற்றிவிட்டாரோ என்று. நண்பர்கள் வழியை மறித்த வண்டியை நகர்த்தக் கீழே போயிருந்தார்கள். சட்டென்று ஐசியைப் பிடுங்கி எழுத்தைப் படித்தேன். அவருடையதேதான். உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. அவசரமாகத் திரும்பச் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஐசியின் ஒரு முனையில் ஒரு புள்ளி இருக்கும். அது எந்தப் பக்கம் வர வேண்டும் என்று நான் பார்க்கவில்லை.

எல்லோரும் வந்து காபி குடித்து முடித்தபின் மேடம் ஆம்ப்பைப் போட்டார். இடது ஸ்பீக்கரில் தொப்பென்று ஒரு சத்தம். கருகல் வாடை. உருப்பெருக்கி வைத்து வெகுநேரம் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "தலைகீழா போட்டிருக்கேன் சார். சர்க்கரை கண்ணுக்கு வந்துடுச்சு போல" என்றார். அப்போது நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். நான் சொன்னதோ வேறு.

"பரவால்ல மேடம், எல்லாருக்கும் ஆகறதுதான்."

ஆறுதல் சொன்னேனாம். த்தூ!

அதன்பின் அவர் ஐசியைத் தொடவே இல்லை. அடுத்த ஞாயிறு டப்பாவையும் உருப்பெருக்கியையும் என்னிடம் கொடுத்து, உங்கள் கண் நன்றாக இருக்கிறது, நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மெல்ல மெல்ல நம் கூட்டமும் நின்றுபோனது.

துக்கம் விசாரிக்கப் போனபோது அவர் கணவர் கேசவன் சார் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அந்த ஸ்பீக்கர் போன நாளிலிருந்து மேடம் ஸ்கூட்டரை எடுக்கவில்லையாம். மாத்திரையைக்கூடக் கேசவன் சார்தான் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். "டாக்டர் கண்ணுல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னார். அவ நம்பல. என் தப்பு இல்லன்னா வாத்தியார் சார் ஏன் பரவால்லன்னு சொல்லப் போறார்னு கேட்டா" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கேசவன் சார், நீங்கள் முன்வரிசையில் இருப்பீர்கள் என்று தெரிந்துதான் இதை எழுதுகிறேன். ஐசியைத் திருப்பிப் போட்டது நான். டாக்டர் சொன்னது சரி. மேடத்தின் உருப்பெருக்கியையும் டப்பாவையும் கொண்டுவந்திருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். டப்பாவின் சனிக்கிழமை அறையில் மட்டும் ஒன்றும் இருக்காது. கருகிய ஐசியை, தன் தவறுக்கு அடையாளமாக, அவர் அதில்தான் போட்டு வைத்திருந்தார். அதை நான் எடுத்துக்கொண்டேன். அது என்னுடையது.