தொப்பிக் கணக்கு

அந்த நீலத் தொப்பியை நினைத்தால் இன்றும் எனக்கு நெற்றி அரிக்கிறது. உள்பக்கம் முரட்டுத் துணி. வெயிலில் போட்டால் வியர்த்துக் கொட்டும், ஏசியில் போட்டால் தலை வலிக்கும். ஒரகடம் ரோட்டில் கார்களுக்கு வயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்த அன்றே அதைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் லைன் சூப்பர்வைசருக்கு எங்கள் முகங்களைவிட அந்தத் தொப்பிகள்தான் பழக்கம். ஷிப்ட் தொடங்கும்போது லைனின் ஒரு முனையில் நின்றுகொண்டு, விரலை நீட்டி நீட்டித் தொப்பிகளை எண்ணுவார். கணக்குச் சரியாக வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும். தொப்பிக்குக் கீழே இருப்பவள் காய்ச்சலில் நடுங்குகிறாளா, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுகிறாளா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் சேராது. அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

நான் அழுகிற கூட்டத்தில் ஒருத்தி. பாபநாசம் மலையடிவாரத்து ஊரிலிருந்து, அப்பா போன பிறகு, அம்மா பீடி சுற்றி என்னையும் இரண்டு தங்கைகளையும் வளர்த்துக்கொண்டிருந்தபோது, இந்த வேலைக்கு வந்தேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டல். எட்டு மணி நேரம் நின்று நின்று கால் வீங்கும், அதற்கு மேல் ஓவர்டைம் வேறு. லீவு கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டால் அதற்கும் அடுத்த மாதம். அம்மாவிடம் எனக்கு ஒன்றே ஒன்று சொல்ல வேண்டியிருந்தது: இந்த வேலை எனக்கு வேண்டாம், ஊருக்கே வந்துவிடுகிறேன். ஆனால் எங்கள் ஊரில் போன் இருந்தது மளிகைக் கடையில். கடைக்காரர், அவர் மனைவி, எண்ணெய் வாங்க வந்தவர்கள் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு “நல்லாருக்கியா, நல்லாருக்கியா” என்று கத்துவாள். நானும் நல்லா இருக்கேன் என்று கத்திவிட்டு வைத்துவிடுவேன். அதை நேரில்தான் சொல்ல முடியும்.

அந்த வருஷம் லைனுக்கு டூர் அறிவித்தார்கள். எங்கே என்று பார்த்தால், முண்டந்துறைக் காடு! யுக யுகமாக இருக்கிற காடு, புலி, யானை, சிங்கவால் குரங்கு, காட்டுக்குள் ஆற்றங்கரையில் பழங்காலத்து அய்யனார் கோயில், காரையார் அணை, படகுச் சவாரி என்று சூப்பர்வைசர் டீ பிரேக்கில் படித்துக் காட்டினார். கூட இருந்தவர்கள் கை தட்டினார்கள். பஸ் என் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் போகப்போகிறது. அவரிடம் போய் நின்றேன்.

“சார், பாபநாசத்துல ஒரு பத்து நிமிஷம் இறங்கிக்கிடுதேன் சார். எங்க அம்மா வந்து நிப்பாங்க.”

“இன்னாமா நீ, அவங்கவங்க வூட்டுக்குப் போறதுக்கா டூர் வுட்டுக்கீறாங்க? லைன வுட்டுப் போணும்னா ரிலீவர் வேணும். பஸ்ஸுல உனுக்கு ரிலீவர் யாரு கீறாங்க, சொல்லு?”

ரிலீவர் என்றால், ஒருத்தி பாத்ரூம் போகும்போது அவள் இடத்தில் வந்து நிற்பவள். அவள் வராமல் நாங்கள் நின்ற இடத்தைவிட்டு அசையக் கூடாது. அது லைனில் சரி. டூர் பஸ்ஸுக்குமா? வாதாடிப் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் கடைக்குப் போன் செய்து, டவுன் பஸ் பிடித்து அந்த அய்யனார் கோயிலுக்கு வந்துவிடும்படி அம்மாவிடம் கத்தினேன்.

அந்த டூரைப் பற்றி என்ன சொல்ல? எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும் என்று உத்தரவு. செக்போஸ்டில் வனக்காவலர், சத்தம் போடாதீர்கள், வழியில் வண்டியை நிறுத்தாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். நிறுத்தக் கூடாது என்பது மட்டும்தான் எங்கள் ஆளுக்குக் காதில் விழுந்தது போலிருக்கிறது. பஸ்ஸுக்குள் பாட்டும் குத்துமாக இருந்ததை அவர் கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் கூச்சலுக்குப் புலி என்ன, ஒரு ஓணான்கூட எட்டிப் பார்க்காது. கோயிலில் இறங்கியதும் அவர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அரை மணி நேரம் என்று அறிவித்தார். கோயில் அருகே ஒரு பெரிய மரம் உண்டு. வேண்டிக்கொண்டவர்கள் கட்டுகிற மணிகளை அடிமரம் மெல்ல மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் மணி விழுங்கி மரம் என்பார்கள். எல்லாரும் அதைப் பார்க்க ஓடினார்கள். நான் தொப்பியை ஹாஸ்டல் தோழியிடம் கொடுத்துவிட்டு, அம்மாவைத் தேடி ஆற்றுப் பக்கம் ஓடினேன்.

அம்மா ஆற்றுப் பக்கம் வரவே இல்லை. டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நீலத் தொப்பிகளைப் பார்த்து நேராக எங்கள் பஸ்ஸுக்குப் போயிருக்கிறாள். தோழி அவளை என் சீட்டில் உட்கார வைத்து, வெயிலில் வந்தவள் என்று என் தொப்பியை அவள் தலையில் வைத்து, “இங்கனயே இருங்க, இப்ப வந்துருவா” என்றிருக்கிறாள். அதற்குள் விசில். படகு நேரம் முடிந்துவிடும் என்று டிரைவர் அவசரப்படுத்த, சூப்பர்வைசர் முன்னால் நின்று வழக்கம்போலத் தொப்பிகளை எண்ணினார். சரியாக வந்தது. வண்டி கிளம்பிவிட்டது. அம்மா எழுந்து, “எம் மவ ஏறலய்யா!” என்று கத்தியிருக்கிறாள். தோழியும் கத்தியிருக்கிறாள். அந்தக் கூச்சலில் இவர்கள் கத்தியது முதலில் கேட்கவில்லை. கேட்டபிறகு மறுபடி ஒரு முறை எண்ணிவிட்டு, “அதான் கவுண்ட் டேலி ஆவுதேமா, எல்லாரும் கீறாங்க” என்றாராம். தொப்பிக்குக் கீழே நரைத்த தலையும் மூக்குத்தியுமாக ஒரு அம்மாள் இருப்பதை அவர் கவனிப்பதற்குள் வண்டி வளைவுகளைத் தாண்டிவிட்டது. நடுக்காட்டில் நிறுத்தக் கூடாதே! சட்டம் தெரிந்த மனிதர், நேராக அணைக்கே போய்விட்டார். ரிலீவர் இல்லை என்று என்னைக் கட்டிப்போட்டாரே, கடைசியில் என்னைப் பெற்றவளையே எனக்கு ரிலீவராக ஏற்றிக்கொண்டு போனார்.

நான் திரும்பி வந்தபோது பஸ் நின்ற இடம் காலியாக இருந்தது. தேங்காய்க் கடைக்காரம்மாள், “ஒங்க வண்டி போயிட்டே தாயி, ஒரு அம்மா சன்னல்ல தலைய நீட்டிக் கத்திட்டே போனாளே” என்றாள். அடையாளம் கேட்டேன். மூக்குத்தியைச் சொன்னாள். எனக்கு அழுகையைவிட எரிச்சல்தான் அதிகமாக வந்தது. மணி விழுங்கி மரத்தடியில் உட்கார்ந்தேன். கூட்டம் போனபிறகு காடு தன் வேலையைத் தொடங்கியது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மரம் அசைந்தது. கருமந்திக் கூட்டம். ஒரு தாய், குட்டியை வயிற்றோடு ஒட்டவிட்டுக்கொண்டு, நிதானமாகக் கொழுந்து பறித்துத் தின்றுகொண்டிருந்தது. எங்கள் லைனில் ஒரு காட்டு விலங்கைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். யாருக்கு வேண்டும் அது? அம்மாவிடம் எப்படித் தொடங்குவது என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயும்போது பஸ் திரும்பி வந்தது. தொப்பியைக் கழற்றாமலே அம்மா படியில் நின்றாள். என்னைக் கண்டதும் ஒரு கணம் அப்படியே பார்த்தாள். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. செக்போஸ்ட் மூடிவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் விரட்ட, ஒரே சீட்டில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். பாபநாசம் வரைதான் நேரம்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

“ஏட்டி, படகுல போனேன் பாத்துக்கோ! இம்புட்டு நாளு மலைக்குக் கீழயே கெடந்தும் அந்த அணையப் பாத்ததில்ல. தண்ணி எம்புட்டு! அக்கரையில யானை நின்னுச்சுட்டி, கொம்பன்! விசில் மாட்டுன அந்தத் தம்பிதான் கையப் புடிச்சு ஏத்திவிட்டாரு. ஒம் மவ கைவேலை மாதிரி லைன்லயே யாரும் செய்ய மாட்டாங்கன்னாரு...”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் ஒரு நாளும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர்! அதைச் சொல்ல வேறு ஆள் கிடைக்கவில்லையா அவருக்கு? மறுபடி வாயெடுத்தேன். அம்மா மறுபடி யானைக்குப் போனாள். அதன் காது, அதன் கொம்பு, அது தண்ணீர் குடித்த அழகு. கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள், தங்கைகளைப் பற்றிச் சொன்னாள், மூச்சுவிடாமல் மறுபடி படகில் ஏறிக்கொண்டாள். பாபநாசம் வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தக் கம்பெனியில் தங்கைகள் இருவரும் கல்யாணமாகிப் போகும்வரை இருந்தேன். லைன் லீடரானேன். எனக்கும் இந்தப் பக்கத்திலேயே வாழ்க்கை அமைந்தது. பென்னலூரில் வீடு, அம்மாவும் எங்களோடுதான். இத்தனை வருஷமும், கோபம் வரும்போதெல்லாம் அந்த சூப்பர்வைசரைத்தான் மனதுக்குள் வைது தீர்த்தேன். ஒழுங்காக முகத்தைப் பார்த்து எண்ணியிருந்தால் எனக்கு அம்மாவோடு ஒரு முழு மதியம் கிடைத்திருக்குமே என்று. போன வாரம் பக்கத்து வீட்டுக்காரியிடம் அம்மா மறுபடியும் படகுக் கதையை எடுத்தாள். யானை இப்போது இரண்டாகியிருந்தது. வந்தவள் போனபிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அன்னைக்கு நீ அந்த யானைக் கதைய நிறுத்தியிருந்தேன்னா, நான் ஊருக்கே வந்துருப்பேம்மா. வேலை வேண்டாம்னு சொல்லத்தான் அவ்வளவு தவிச்சேன். என்னைச் சொல்லவிட்டியா நீ?”

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“தெரியுமேட்டி” என்றாள். “படியில நின்னு ஒம் மூஞ்சியப் பாத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு. யானையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நீ சொல்லிட்டேன்னா, வராதன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?”