டிக்கியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா

லைசென்ஸ் வாங்கியதிலிருந்து மைசூருவில் என் கார் நின்ற நாள் குறைவு. கரடுமுரடான மலைப்பாதை என்றால் எனக்குக் குஷி. கொள்ளேகாலைத் தாண்டி ஒரு மலை உச்சியில் எங்கள் குலதெய்வக் கோயில். "இனி நடந்து ஏற முட்டி ஒத்துக்காது கண்ணு" என்று அம்மா சொன்னதும், காரிலேயே கூட்டிப் போனேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே சரளைக் கல்லில் சக்கரம் வழுக்கியது. "எறங்கி ஓரமா நில்லும்மா, பாரம் கொறஞ்சா ஏறிடும்" என்றேன். அம்மா இறங்கியதும் கிளட்சை விட்டேன். கார் ஒரு முழம் பின்னால் சரிந்தது. பிரேக்கை அழுத்தி, மறுபடி முயலும்முன் தற்செயலாகக் கண்ணாடியைப் பார்த்தேன். காருக்குப் பின்னால் அம்மாவின் முகம்.

ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு ஓடினேன். இரு கைகளாலும் டிக்கியைத் தாங்கி நின்றிருந்தார்.

"இங்க எதுக்கும்மா வந்தே?"

"வண்டி பின்னால போச்சில்ல."

"ஆயிரம் கிலோ வண்டிம்மா இது. நீ புடிச்சா நிக்குமா?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். உள்ளே நீ இருக்கியே."

சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, மீதித் தூரத்தை அவரைத் தாங்கிப் பிடித்தபடி நடந்தே ஏறினேன்.

இப்போதெல்லாம் மேட்டில் யாரை இறக்கிவிட்டாலும், அவர்கள் முன்னால் போய் என் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கும்வரை வண்டியை எடுப்பதில்லை. அம்மா மட்டும் அங்கேயும் வண்டியைத் தாங்கப் போவதுபோல் இரு கைகளையும் நீட்டியபடிதான் நிற்கிறார்.