வேட்டை லீவுக்கு ஒரு துவக்கு

ஒஸ்லோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் செப்டம்பர் பிறந்தால் பாதிப் பேரைக் காணக் கிடைக்காது. வேட்டை லீவு. ஆண், பெண் வித்தியாசமில்லை. கோயில் தேருக்கு ஒரு நாள் கேட்டால், "யாரோடாவது மாற்றிக்கொள்ள முடியுமா என்று பார்" என்று பதில் வரும். வேட்டை லீவில் மட்டும் யாரும் கை வைக்கமாட்டார்கள். அட்டவணையில் அவர்கள் விட்டுப்போன கட்டங்களெல்லாம் என் பெயரால் நிரம்பும். "நீதான் வேட்டைக்குப் போவதில்லையே" என்பார் பொறுப்பாளர், எனக்கு ஏதோ உபகாரம் செய்வதுபோல. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் போனது.

கோபம்கூட வரவில்லை, வெறும் அலுப்பு. ஆட்களைத் தூக்கித் தூக்கி வலது தோள்மூட்டு தேய்ந்துவிட்டது. சுகமில்லையென்று லீவு போட்டால் வேலைக்குக் கள்ளன் என்ற பெயர் வருமே என்ற பயம் எனக்கு. சேர்ந்தாற்போல ஏழு நாள் படுத்துக் கிடக்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். அதற்காக, அறுபதை எட்டிப்பார்க்கிற வயதில் வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்தேன்.

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்களுக்கென்ன விசரே? கோழி வெட்டச் சொன்னாலே முகத்தைத் திருப்புற ஆள்!"

"சுடப் போகேல்லை. லீவு எடுக்கப் போறன்."

"அதுக்கு மான் என்ன பாவம் செய்தது?"

"மானுக்கு ஒண்டும் நடவாது. நீ பயப்பிடாதை."

பரீட்சையும் பாஸ். இனிப் பொலிசில் அனுமதி கேட்க வேண்டும். எந்தத் துவக்கு என்று விண்ணப்பத்தில் எழுத வேண்டும் என்பதால் கடைக்குப் போனேன். தாடிக்காரக் கடைக்காரர் என்னைவிட வயது கூடியவர். அவசரமே இல்லாமல் கேள்வி கேட்டார். எந்த மிருகம்? மான். மலையில் ஏறித் திரிவாயா, ஓரிடத்தில் இருந்து காத்திருப்பாயா? "ஓரிடத்தில் இருப்பேன்" என்றேன். நான் சொன்னதில் அதுமட்டும் உண்மை.

"ஆகப் பாரம் குறைந்தது எது?"

ஒன்றைக் கையில் தந்தார். நல்ல இலேசு. எனக்குப் பிடித்துவிட்டது. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மானுக்கான தோட்டா சின்னதல்ல, துவக்கு இலேசாக இருந்தால் சுடும்போது உதை முழுவதும் தோளுக்குத்தான் வரும், பாரமான துவக்கு பாதியைத் தானே வாங்கிக்கொள்ளும் என்றார். பிறகு மரப்பிடி போட்ட பாரமான ஒன்றைத் தந்து, தோளில் வைத்துப் பார்க்கச் சொன்னார்.

தூக்கினேன். கை பாதியில் நின்றுவிட்டது.

அவர் துவக்கை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார். "எத்தனை வருடமாக இப்படி?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் வேலையிடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. கேட்டவர் துவக்கு விற்கிறவர்.

அவர் ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்தார். ஆறரை மில்லிமீற்றர் தோட்டா, உதை குறைவு, மானுக்குப் போதும். பிடியைக் கொஞ்சம் குறுக்கி, பின்னால் ரப்பர் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் கீழே, முதலில் டாக்டரிடம் போ என்று எழுதியிருந்தார்.

துவக்கு வாங்கவில்லை. பொலிசுக்கும் போகவில்லை, டாக்டரிடமும் போகவில்லை. ஆனால் வேலையிடத்துச் சாப்பாட்டு மேசையில், டாக்டர் வரியை மட்டும் மடித்துவிட்டு அந்தத் துண்டை விரித்தேன். எல்லோரும் கதிரைகளை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள். வருடாவருடம் பேர்கன் பக்கம் மானுக்குப் போகிறவர், "நல்ல தெரிவு!" என்று என் வலது தோளிலேயே ஓங்கித் தட்டினார். பொறுப்பாளர் மறுபேச்சில்லாமல் எனக்கு லீவு தந்தார். அவர்களோடு அப்படிக் கதைத்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பிறகு வெட்கப்பட்டேன்.

ஏழு நாளும் லோறென்ஸ்கூக்கில் உள்ள எங்கள் வீட்டில் கிடந்து நித்திரை கொண்டேன். "மான் அம்பிட்டதோ?" என்று கேட்டபடியே மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

திரும்பிப் போனதும், "ஏதாவது கிடைத்ததா?" என்று கேட்டார்கள். கண்ணிலேயே படவில்லை என்றேன். அனுதாபத்தோடு தலையாட்டினார்கள்.

பிறகுதான் அட்டவணையைப் பார்த்தேன். நான் விட்டுப்போன கட்டங்கள் எல்லாவற்றிலும் ஒரே பெயர். இந்த வருடம் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பெண், நாற்பது வயதிருக்கும். உடைமாற்றும் அறையில் இடது கையால் வலது தோளை அமுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏன் ஏலாதெண்டு சொல்லேல்லை?"

"'நீதான் வேட்டைக்குப் போறதில்லையே'ன்னு சொல்லிட்டாங்கண்ணா." கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, அந்தத் துப்பாக்கி கிளாஸ் எத்தனை நாளு?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சட்டைப் பையில் கிடந்த துண்டை எடுத்து, மடிப்பை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்துக் காட்டினேன்.

"நான் இன்னும் போகேல்லை, தங்கச்சி. நீங்கள் போங்கோ."