பன்னிரண்டில் படுத்த கோடு

அந்தச் சாயப்பட்டறையில் கொதிகலன் அறைக்காரரை எல்லோரும் கோட்டு மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கொதிகலனின் அழுத்தத்தை, தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் அவர் மேஜையருகே ஒரு பேனா முள் தாளில் கோடாக இழுத்துக்கொண்டே இருக்கும். தாள் காலை ஆறுக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடியும்; அழுத்தத்துக்கு அடியில் பூஜ்யம், உச்சியில் பன்னிரண்டு. கோடு ஏறுகிற சாய்வைப் பார்த்தே, அரை மணியில் எங்கே போய் நிற்கும் என்று சொல்லிவிடுவார். அந்தத் தலைக்கனமும் கொஞ்சநஞ்சமல்ல. படித்துவிட்டு வந்த இன்ஜினியரையே, தாளைத் தலைகீழாகப் பிடிக்காதீர்கள் என்று கிண்டலடித்தவர்.

எட்டைத் தாண்டாத கோடு அன்று பத்து மணியிலிருந்து விறுவிறுவென்று ஏறியது. சேஃப்டி வால்வு அடைத்திருந்தது. அதை மாற்றச் சொல்லி ஃபிட்டர் மூன்று மாதமாக நச்சரித்தும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த ஃபிட்டர், மாஸ்டரின் தங்கை புருஷன். பதினொன்றரை மணிக்குக் கோடு பன்னிரண்டைத் தொட்டது. பிறகு கால் மணி நேரம் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

"அடங்கிடுச்சு மாப்ளே. இனிமே இறங்கத்தான் செய்யும். தைரியமா போய் வால்வைப் பாருங்க."

கொதிகலன் வெடித்தது. போனவரைத் துணியில் அள்ளித்தான் எடுத்து வந்தார்கள்.

அன்று மாலை மாஸ்டர் அந்தத் தாளை மறுபடி பார்த்தார். நிஜமான அழுத்தக் கோடு கொஞ்சமாவது நடுங்கும். இது நடுங்கவே இல்லை. முள் தாளின் விளிம்பில் முட்டி நின்றிருக்கிறது. தாள்தான் பன்னிரண்டோடு முடிந்தது. அழுத்தம் அதற்கு மேலே ஏறிக்கொண்டே போயிருக்கிறது.

விசாரணையில் மேனேஜர் அதே தாளை விரித்தார். அனுமதித்த அளவே பன்னிரண்டுதான், அதைத் தாண்டவில்லை, ஆகவே தப்பு ஃபிட்டருடையது, குடும்பத்துக்கு எதுவும் கிடையாது என்றார். அதிகாரி மாஸ்டரைக் கேட்டார். உண்மையைச் சொன்னால் முதலாளி மாட்டுவார். அனுப்பி வைத்த இவரும் மாட்டுவார். பின்பெஞ்சில் தங்கை இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பன்னெண்டைத் தாண்டலைங்க. கோடு நேராத்தான் இருக்கு" என்றார், பாவி.

வெளியே வந்ததும் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேனேஜர் சொன்னப்ப நான் நம்பலைண்ணா. நீ சொன்னப்புறம்தான் நம்பினேன். அப்பா மேலதான் தப்புன்னு பசங்ககிட்டயும் சொல்லிடறேன்."